கொசுவுக்குச் செராய் வாங்கி எண்ணெய்: முதல் போத்தல் கலக்குவதற்கு முன்

எங்கள் ஊரின் பெயரிலேயே செராய் இருக்கிறது. மலேசியாவின் கெடா மாநிலம், கூலிம் மாவட்டம், பாடாங் செராய். மலாயில் செராய்ப் புல் (எலுமிச்சைப்புல்) திடல் என்று பொருள். சுற்றிலும் பால்மரமும் (ரப்பர் மரம்) செம்பனையும்தான். அம்மா பால் வெட்டப் போன காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போது வாசலில் நின்றபடியே கை, கால், கழுத்து, காதோரம் என்று ஓர் எண்ணெயைத் தேய்த்துக்கொள்வார். வீட்டோரத்தில் வளர்ந்த செராய் வாங்கி (மலாயில் 'மணக்கும் செராய்', ஆங்கிலத்தில் சிட்ரோனெல்லா) என்ற புல்லை நறுக்கிப் போட்டுத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. நெற்றி விளக்கோடு மரத்தடியில் குனிந்தால் அரை நிமிடத்தில் கொசு மொய்த்துவிடும். "எவ்வளவு நேரம்மா தாங்கும்?" என்று கேட்டால், "ஒரு நிரை (மர வரிசை) முடிகிற வரைக்கும். அடுத்த நிரைக்குப் போகும்போது மறுபடி தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பார். இடுப்புத் துணியில் சின்னப் போத்தல் ஒன்று எப்போதும் முடிந்திருக்கும்.

அம்மா சொன்ன அந்த 'மறுபடி' என்கிற சொல்லைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். சில வருடங்களாக எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நான்தான் கொசு எண்ணெய் கலந்து கொடுக்கிறேன். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரமே கேட்டு வருகிறார்கள். தோட்டத்து ஓர வீடுகளில் கொசு அப்படி. அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

கலக்கும் முறைக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கொசு நம்மைப் பெரும்பாலும் மோப்பம் பிடித்துத்தான் தேடி வருகிறது. மூச்சில் வெளியாகும் கரியமில வாயு, வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம், உடம்புச் சூடு இவை மூன்றும் அதற்கு வழிகாட்டி. கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். செராய் வாங்கி எண்ணெயில் சிட்ரோனெல்லால், ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் என்ற வாசனைப் பொருள்கள் இருக்கின்றன. தோலிலிருந்து ஆவியாகக் கிளம்பி, கொசுவின் மோப்பத்தை இவை குழப்புகின்றன. கொசுவைக் கொல்வதில்லை, கிட்டே வரவிடாமல் செய்கின்றன, அவ்வளவுதான்.

ஆவியாகிப் பறப்பதால் வேலை செய்கிற பொருள், பறந்து தீர்ந்ததும் வேலையை நிறுத்திவிடும். 2002-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒப்பீட்டுச் சோதனையில், 23.8 விழுக்காடு டீட் (கடைகளில் விற்கும் ரசாயனக் கொசு விரட்டி) கலந்த மருந்து சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா கலந்த பொருள்களில் எதுவும் சராசரி 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டில் மாட்டுகிற வாசனை வளையல்களால் பயனே இல்லை. பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் செராய் எண்ணெயே வீண் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதையில்) உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரம், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம், துணி காயப்போடும் நேரம், கோயில் வாசலில் அர்ச்சனைக்கு நிற்கும் நேரம் எல்லாம் அரை மணி, முக்கால் மணிக் கதைதான். நடுவில் ஒருமுறை மறுபடி தேய்த்துக்கொண்டால் அதற்கு இது உதவும்.  ஆனால் உங்கள் பகுதியில் டிங்கிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்தப் புல், எந்த எண்ணெய்

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு செராயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பார்கள். சமையல் செராயின் அடித்தண்டு வெளுத்த பச்சையாக இருக்கும். சம்பலுக்கும் தொம்யாமுக்கும் போடுவது இதைத்தான். செராய் வாங்கியின் அடித்தண்டு செம்பு நிறமாக, சில புதரில் கருஞ்சிவப்பாகவே இருக்கும். இலையும் அகலம், புதரும் பெரிது. சந்தேகம் வந்தால் இலை நுனியைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். சமையல் செராய் எலுமிச்சைத் தோல் மாதிரி மணக்கும். செராய் வாங்கியில் அந்த எலுமிச்சைக்கு மேலே சோப்பு மாதிரி ஒரு காட்டமான வாடை ஏறி, மூக்கின் உச்சியில் நிற்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு அப்புறம் மறக்காது.

புதரை வாசலில் நட்டு வைத்தால் கொசு வராது என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஐந்து புதர் இருக்கிறது, அதன் அடியிலேயே கொசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இலை கசங்கினால்தான் எண்ணெய் வெளியே வரும்.

கடையில் வாங்கும் எண்ணெய் நீராவியில் வடித்தது. கொப்பரையில் இலையை அடைத்து, ஆவியை உள்ளே விட்டு, குளிர்ந்த குழாயில் அந்த ஆவியைத் தண்ணீராக்கினால் மேலே மெல்லிய மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். நூறு கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அதனால் பெரிய போத்தல் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். சுத்தமான செராய் எண்ணெய் பெரும்பாலும் பறந்துவிடும். அகலமாக எண்ணெய்க் கறை நின்றால் அது ஏற்கனவே சமையல் எண்ணெயில் கலந்தது. அப்படிப்பட்டதை வைத்துச் சொட்டுக் கணக்குப் போட முடியாது.

தரை துடைக்கிற வாளியில் ஊற்றுவதற்கென்று விற்கும் செராய் வாங்கி திரவம் வேறு. அதில் சோப்பும் சாயமும் இருக்கும். அதைத் தோலில் தடவக்கூடாது.

மற்ற எண்ணெய்களைப் பற்றிச் சுருக்கமாக. வெட்டிவேர் எண்ணெய் கனமானது, மெதுவாக ஆவியாகும். இரண்டு மூன்று சொட்டு சேர்த்தால் செராய் வாசனை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். விலை அதிகம், கட்டாயம் இல்லை. கிராம்பு எண்ணெய்க்குக் கொசு பயப்படும்தான், ஆனால் அதில் உள்ள யூஜெனால் தோலைச் சுட்டுவிடும், தடவும் எண்ணெயில் வேண்டாம். காயு பூத்தே (கஜபுட்டி) எண்ணெயை நம் வீடுகளில் பிள்ளைக்கு வயிற்று உப்புசம் என்றால் எடுப்பார்கள், கொசுவுக்கு அது செராய் வாங்கிக்கு ஈடில்லை. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருப்பாகத் திட்டு விழும். எலுமிச்சைச் சாறுக்கும் அதே கதிதான்.

வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து பெரியவர்கள் தடவலாம், வாடையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். சிறு பிள்ளையின் வாயில் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்களே 1981-ல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதற்காக எதையும் வாயில் ஊற்றலாம் என்ற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கலக்கும் முறை

தேவையானவை: 50 மி.லி. அடர்நிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று, சொட்டு மூடி உள்ள செராய் வாங்கி எண்ணெய், தேங்காய் எண்ணெய், சிறு புனல், ஒட்டுத்தாள், பேனா. பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம். நீர்க்காத எண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பழைய இருமல் மருந்துப் போத்தலே போதும். சுடுதண்ணீரில் கழுவி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடித்துவிடும்.

முதல் வேலை கணக்கு. ஏறக்குறைய 20 சொட்டு 1 மி.லி. பெரியவர்களுக்கு 3 விழுக்காடு போதும். அதாவது 50 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 30 சொட்டு. முதன்முறை என்றால் 20 சொட்டில் தொடங்குங்கள், தோல் ஒத்துக்கொண்டால் அடுத்த போத்தலில் கூட்டலாம். வெட்டிவேர் சேர்ப்பதாக இருந்தால் 27 சொட்டு செராய், 3 சொட்டு வெட்டிவேர் என்று மொத்தக் கணக்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, போத்தலில் பாதி தேங்காய் எண்ணெய் ஊற்றி, சொட்டுகளை எண்ணி விட்டு, மீதி எண்ணெயை நிரப்பி, மூடி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இரண்டு நிமிடம் உருட்டுங்கள். ஒருநாள் அப்படியே வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் நன்றாகக் கலந்திருக்கும். இரவு மழையில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் பயப்பட வேண்டாம், போத்தலை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

போத்தலில் பெயரும் கலந்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். சமையலறையில் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் பெயர் இல்லாமல் ஒரு போத்தல் நிற்கக்கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம், அடுப்புச் சூடு படாத இடம், இருட்டு இவை மூன்றும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழசான எண்ணெய்தான் தோலை அதிகம் உறுத்தும்.

தோலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் துணிக்குத் தெளிப்பான் செய்துகொள்ளலாம். தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். தெளிக்கும்போது முதல் பீச்சலில் வெறும் தண்ணீர், அடுத்ததில் நீர்க்காத எண்ணெய் என்று வந்து விழும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட ஆல்கஹால் 50 மி.லி.யில் 30 சொட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித் தெளியுங்கள். காற்சட்டை ஓரம், சாக்ஸ், சட்டைக் கை, திரைச்சீலை இவற்றுக்கு ஏற்றது. வெளிர்நிறத் துணியில் உள்பக்கம் தெளித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, ஆல்கஹால் தீப்பற்றும். சாமி விளக்கு எரியும்போது, அடுப்படியில், சாம்பிராணி போடும்போது கண்டிப்பாகத் தெளிக்காதீர்கள். மாலை ஆறரைக்கு விளக்கேற்றுகிற வீடுகளில் ஆறு மணிக்கே தெளித்து முடித்துவிடுவது நல்லது.

அம்மாவின் முறை: வீட்டில் காய்ச்சிய எண்ணெய்

கையில் புதர் இருக்கிறது, காசு செலவழிக்க மனமில்லை என்றால் இதைச் செய்யலாம். இதில் வடித்த எண்ணெய் அளவுக்கு வீரியம் வராது, அது தெரிந்தே செய்யுங்கள். ஆனால் மென்மையாக இருக்கும், வீடும் மணக்கும்.

நான்கைந்து தூர் செராய் வாங்கியை இலையோடு அறுத்துக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயப்போடுங்கள். ஈரம் முழுக்கப் போக வேண்டும். இலை சுருண்டு, மடக்கினால் சரசரவென்று முறிகிற பதம். கத்தரிக்கோலால் அரை அங்குலமாக நறுக்கி, உரலில் ஒன்றிரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, மூழ்கும் வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி, சட்டியில் தண்ணீர் வைத்து அதற்குள் குடுவையை இறக்கி, மிகச் சிறிய தீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் கொதிக்கக்கூடாது. கொதித்தால் வாசனை அத்தனையும் கூரைக்குப் போய்விடும். அம்மா இதற்குச் சட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மூடியில் முத்து முத்தாகக் கோத்த தண்ணீர் எண்ணெயில் விழாமல் துணியால் துடைத்துக்கொண்டே நிற்பார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அந்தத் தண்ணீர் விழுந்த எண்ணெய்தான் பத்து நாளில் புளித்த வாடை அடிக்கும்.

ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்டி, காய்ந்த போத்தலில் ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

தடவுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதன்முதலில் சமையல் செராயில் வடித்த எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் கிடைத்தது. நீர்க்காமல் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அப்படியே தடவிக்கொண்டு புல் வெட்டப் போனேன். வியர்த்ததும் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் கழுத்து மடிப்பில் கோடு கோடாகச் சிவந்து கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. நான்கு நாள் சட்டைக் காலர் பட முடியவில்லை. அந்த எண்ணெயில் உள்ள சிட்ரால் தோலை உறுத்தக்கூடியது என்பதை அப்புறம்தான் படித்தேன். அதனால் சமையல் செராய் எண்ணெயை நான் தோலுக்குக் கலப்பதே இல்லை.

கலந்த எண்ணெயில் ஒரு துளியை முன்கையின் உள்பக்கம் தடவி, 24 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் சரி. இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள். 'இயற்கைதானே, பழகிவிடும்' என்று தொடர்ந்து போட்டால் ஒவ்வாமை கூடத்தான் செய்யும்.

தடவும்போது கணுக்கால், பாதத்தின் மேல்பக்கம், முழங்காலுக்குப் பின்புறம், முழங்கை, கழுத்தின் பின்பக்கம் இவற்றை விட்டுவிடாதீர்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கால் பக்கம் ரொம்பப் பிடிக்கும். கண், உதடு, காயம், சவரம் செய்த இடம் வேண்டாம். வெயில் களிம்பு போடுகிறவர்கள் அதை முதலில் போட்டு, காய்ந்த பிறகு இதைத் தடவுங்கள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

எப்போது தடவுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ராத்திரி காதில் ரீங்காரம் போடுகிற கொசுவுக்காகத் தடவுகிறார்கள். அது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரில் வளர்கிற கியூலெக்ஸ். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகல் கொசு. விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்ச நேரம். காலில் வெள்ளை வரி இருக்கும், சத்தமே போடாது. ஆக, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட வாசலில் நிற்கும் காலை ஏழு மணி, மாலை ஐந்து மணிப் பந்தாட்டம், இவைதான் உங்கள் நேரம். இரவுக்குக் கொசு வலை.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள். வியர்த்தால், மழையில் நனைந்தால், துண்டால் துடைத்தால் உடனே. தடவிய நேரத்தையும் முதல் கொசு வந்து உட்கார்ந்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் உடம்புக்கும் உங்கள் வாசலுக்கும் எவ்வளவு தாங்குகிறது என்று அப்போது தெரிந்துவிடும். எனக்கு வெயில் நாளில் 25 நிமிடம், மழை விட்ட சாயங்காலத்தில் 40 நிமிடம்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள், பூனை

மூன்று வயதுக்குக் கீழே தோலில் எதுவும் தடவ வேண்டாம். முழுக்கைச் சட்டை, தொட்டிலுக்கு வலை. அது போதும். மூன்று வயதுக்கு மேல் 50 மி.லி.க்கு 10 சொட்டு. பெரியவர் தன் கையில் ஊற்றிப் பிள்ளைக்குத் தடவிவிட வேண்டும். பிள்ளையின் கையில் தடவக்கூடாது, அது நேராகக் கண்ணுக்கும் வாய்க்கும் போகும். கர்ப்பமாக இருப்பவர்களும், ஆஸ்துமா, தோல் படை உள்ளவர்களும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தடவுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. கற்பூரம் சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் ரத்தச் சிவப்பணு உடைந்துபோகும் பிறவிக் குறை) என்று பிறந்தவுடன் மருத்துவமனையில் சொல்லியிருந்தால், அலமாரியில் போடும் பாச்சை உருண்டையையும் (நாப்தலின்) வீட்டைவிட்டு வெளியே போடுங்கள்.

பூனை வளர்க்கிறவர்கள் கவனம். இந்த வாசனை எண்ணெய்களைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. எண்ணெய் தடவிய கையோடு பூனையைத் தடவினால், அது உடம்பை நக்கும்போது உள்ளே போய்விடும். பூனைக்கும் நாய்க்கும் இதைத் தெளிக்கவே கூடாது.

வீட்டுக்குள் புகை போடுவது பற்றியும் கேட்கிறார்கள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்தூசி, 75-க்கும் மேற்பட்ட சிகரெட்டுகளுடையதற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கதவை மூடிக்கொண்டு சுருளோடு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். வேப்பிலைப் புகையும் புகைதான். போடுவதாக இருந்தால் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வெளியே நிறுத்தி, பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

இதைச் செய்யாவிட்டால் எண்ணெய் கலப்பதே வீண்

1901-ல் கிள்ளானுக்கு மருத்துவ அதிகாரியாக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவில் ஆள்கள் விழுந்துகொண்டிருந்த ஊரைப் பார்த்தார். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் 1897-ல் கண்டுபிடித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பைக் கால்வாய் வெட்டி வடித்தார், புதரை அழித்தார். கிள்ளானிலும், இன்றைக்குப் போர்ட் கிள்ளான் என்கிற துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பிறகு ரப்பர்த் தோட்டங்களிலும் அதே வேலை நடந்தது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த நம் பாட்டன் பூட்டன்களில் மிஞ்சியவர்கள் மிஞ்சியது, தண்ணீரைத் தேங்கவிடாமல் செய்ததால். அந்தக் கால்வாயை வெட்டிய மண்வெட்டிகளில் பல நம்மவர்கள் கையில்தான் இருந்தன.

அதனால் வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம், வீட்டைச் சுற்றி நடங்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அது பறக்கும் முன்பே முடிந்துவிடும். எங்கே பார்ப்பது என்றால்: துளசி மாடத்துத் தட்டு, சாமி மேடைப் பூ ஜாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையின் மடிப்பு, கூரைத் தகரக் காலுவாய், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கொட்டாங்கச்சி, மழைத்தண்ணீர்த் தோங் (பீப்பாய்). கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர் விளிம்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும்.

தோட்டத்து ஓரம் குடியிருப்பவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். வெட்டாமல் விட்ட பால்மரத்தில் தொங்கும் மங்குகள் (பால் பிடிக்கும் கிண்ணங்கள்). மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டி. ஏடிஸ் வகையில் காட்டோரத்தை விரும்பும் அல்போபிக்டஸுக்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. சின்னத் தோட்டக்காரர்கள் விலை விழுந்தால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் போய்ப் பேசுங்கள், மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஏக்கருக்காரரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) போட்டு அத்தனை மங்கையும் கவிழ்த்தோம். நிரை நிரையாகப் போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டும்போது, கறுத்த தண்ணீரில் சின்னச் சின்னக் கமா மாதிரிப் புழுக்கள் நெளிந்துகொண்டு அடியில் ஓடின. ஒரு மங்கில் முப்பதுக்குக் குறையாது. அடுத்த இரண்டு வாரத்தில் கிடைத்த நிம்மதியை எந்த எண்ணெயும் தந்ததில்லை.

கொட்டவே முடியாத பெரிய தோங்குக்கு, சுகாதார இலாகாவினர் தரும், கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் குருணை 10 லிட்டருக்கு 1 கிராம் போடலாம். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

டிங்கி வந்துவிட்டால்

2019-ல் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு டிங்கி என்று கேள்விப்பட்டால் செராய் எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு, டீட் 20 முதல் 30 விழுக்காடு அல்லது பிகாரிடின் (இன்னொரு ரசாயனக் கொசு விரட்டி) 20 விழுக்காடு உள்ளதை வாங்குங்கள். தாவர வழியிலேயே வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு: லெமன் யூகலிப்டஸ் மரத்து எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுக்கும் பிஎம்டி. மணிக்கணக்கில் காக்கும். அதே மரத்தின் சாதாரண வாசனை எண்ணெய் வேறு, அது இந்த வேலையைச் செய்யாது, லேபிளில் பிஎம்டி என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே இதுவும் வேண்டாம்.

வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் அவரைப் பகலிலும் வலைக்குள் வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனை. எண்ணெய், கஷாயம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

சரி, போத்தல் விஷயத்துக்கே வருகிறேன். 50 மி.லி. கலந்த பிறகு அதிலிருந்து 10 மி.லி. உருள்மூடிப் போத்தல் ஒன்றில் ஊற்றிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ போட்டுக்கொள்ளுங்கள். பெரிய போத்தல் வீட்டு அலமாரியில் இருந்து என்ன பயன்? இருபது நிமிடம் கழித்து மறுபடி தடவ வேண்டிய இடத்தில் நீங்கள் இருப்பீர்கள், போத்தல் இருக்காது. அம்மா வேலையைவிட்டு நின்று பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது, சேலை முந்தானையின் ஓரத்தில் அந்த உருள்மூடிப் போத்தலை முடிந்துகொண்டுதான் படியிறங்குகிறார்.